பேண்டு அண்ணாச்சிக்கு இரண்டு சொர்க்க ரதங்கள்

உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பாதிப் பேருக்காவது இந்நேரம் அந்த அழைப்பு வந்திருக்கும். தலைமையாசிரியர் தம் அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காபியும் வரவழைத்து, "அப்படியே நம்ம ஸ்கூல் பேண்டையும் நீங்களே பாத்துக்கிடுங்க" என்பார். காபி கொடுத்தாலே உஷாராகிவிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. எனக்குக் கபடி தெரியும், வாலிபால் தெரியும். பேண்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம், கல்யாண வீட்டில் அது வாசித்தால் பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது என்பது மட்டும்தான்.

அணிவகுப்பு, கட்டளை, சீருடை எல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை பார்த்த காலம் முழுவதும் என்னோடு இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. ஊரில் எல்லோரும் அவரைப் பேண்டு அண்ணாச்சி என்பார்கள். இத்தனைக்கும் அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது.

எங்கள் மைதானத்துச் சுவருக்கு அடுத்த பக்கம் ஆட்டோ, வேன்களுக்குச் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தார். நான் பேண்டை ஏற்றுக்கொண்ட புதிதில் ஒரு நாள் வாட்ச்மேன் ஓடி வந்து, "டீச்சர், பக்கத்துக் கடைக்காரரு வந்திருக்காரு. மூஞ்சி சரியில்ல" என்றார். எங்கள் சத்தம் அப்போது அப்படி. மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை எல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன்.

"பிள்ளைக இப்பதான் பழகுது அண்ணாச்சி, கொஞ்ச நாள்ல..."

"நான் சத்தத்தைப் பத்திப் பேச வரல டீச்சர். பெரிய டிரம்மு தூக்குத பிள்ளைக்குத் தோளு புண்ணாப் போச்சுல்லா? காலைல என் கடை வழியாத்தான் போகுது, தோளைப் பிடிச்சிக்கிட்டே போகுது. அந்த வாரை இங்கன குடுங்க. சாயந்திரம் தாரேன்."

பெரிய டிரம் தூக்கியவள் மேலப்பாளையத்துப் பிள்ளை ரஹ்மத். டிரம்முக்குப் பின்னால் அவள் இருப்பதே தெரியாது, அவ்வளவு ஒல்லி. வலிக்கிறது என்று என்னிடம் சொன்னதில்லை. நானும் பார்த்ததில்லை. சாயந்திரம் வார் வந்தது. உள்ளே பஞ்சு வைத்து, மேலே கிளிப்பச்சை ரெக்சின் போட்டு, நடுவில் மஞ்சள் எழுத்தில் 'அம்மா ஆசி' என்று இருந்தது. ஏதோ ஆட்டோவுக்கு வெட்டியதில் மிச்சம். ரஹ்மத் அந்த வருடம் முழுக்க அம்மா ஆசியோடுதான் டிரம் அடித்தாள்.

அதன்பிறகு அண்ணாச்சி போகவே இல்லை. சனிக்கிழமைப் பயிற்சிக்கு எனக்கு முன்னால் வந்து நிற்பார். டிரம்முக்குத் தோல் மாற்றுவார், பியூகிள் ஊதுகுழல்களைப் புளி போட்டுத் தேய்ப்பார், பிள்ளைகளுக்குத் தண்ணீர் சுமப்பார். இவ்வளவு செய்கிறாரே, அவரும் வாசிக்கட்டும் என்று ஒரு நாள் இரண்டு தாளத்தட்டுகளை அவர் கையில் கொடுத்தேன். அடிக்க வேண்டிய இடம் வந்தால் வாயைப் பிளந்து பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நிற்பார். எல்லோரும் வாசித்து முடித்த பிறகு, "அருமை!" என்று சொல்லி ஒரே ஒரு அடி அடிப்பார்.

சரி, கூட நடக்கவாவது செய்யட்டும் என்றால், அவருக்கு இடது கால் எது என்பதே கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. ஊர்வலத்தில் அவர் பக்கத்தில் நடக்கும் பிள்ளைகளுக்கும் கால் மாறும். அப்படியே தொற்றுநோய் மாதிரி பின் வரிசை வரைக்கும் போகும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "அண்ணாச்சி, வண்டிக வந்து பிள்ளைகளை இடிச்சிராம, நீங்க ரோட்டுக்கு அந்தப் பக்கமா நின்னு பாதுகாப்புக் குடுங்க" என்றேன். அதன் பிறகு எத்தனையோ ஊர்வலங்கள். எல்லாவற்றிலும் ரோட்டின் மறுபக்கம், யார் காலோடும் சேராமல், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒருவர் தனியாக அணிவகுத்துப் போவார்.

உதவி செய்ய வருகிற ஆளை, வேலை தெரியாது என்று துரத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன்; பாவம் பார்த்து நடு வரிசையில் நிறுத்தி, மொத்தத்தையும் கெடுத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். ரோட்டின் மறுபக்கம் என்று ஒரு இடம் உண்டு. அதைத் தேடிக் கொடுப்பது நம் வேலை.

அவருடைய சீருடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை. அண்ணாச்சி தனக்குத் தானே தைத்துக்கொண்டது அரக்கு நிறக் கோட்டு. தோள் இரண்டிலும் ஆட்டோவில் தொங்கவிடும் தங்க நிறக் குஞ்சலம், நெஞ்சில் மூன்று வரிசைப் பித்தளைப் பொத்தான், தலையில் தொப்பி. ஒரு சுதந்திர தின விழாவில், மைதானத்து வாசலில் நின்ற ஏற்பாட்டாளர் இந்தக் கோட்டைப் பார்த்ததும் விறைத்துப்போய், "ஐயா, இப்படி வாங்க" என்று கையைப் பிடித்து மேடையில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார். அண்ணாச்சியும் தண்ணீர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். முந்திரிப்பருப்புத் தட்டு வந்தது. எடுத்துக்கொண்டார். அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தார்.

கொஞ்ச நேரத்தில் உண்மையான விருந்தினர் வந்து, உட்கார நாற்காலி இல்லாமல் நிற்கிறார். ஏற்பாட்டாளருக்கு விஷயம் புரிந்து, முகம் சிவந்து, இரண்டு ஆட்களை மேடைக்கு அனுப்பப் போனார். நூறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மேடையேறினேன். அண்ணாச்சி முன்னால் நின்று ஒரு சல்யூட் அடித்தேன். "ஐயா, அணியைப் பார்வையிடத் தாங்கள் வரணும்" என்றேன்.

அண்ணாச்சி எழுந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கைகூப்பிவிட்டு, மெதுவாக இறங்கி வந்தார். எங்கள் பிள்ளைகளை முதல் வரிசையில் இருந்து கடைசி வரிசை வரைக்கும் பார்வையிட்டார். ஒருத்திக்கு ஷூ நாடா அவிழ்ந்திருந்ததை, குனிந்து கட்டியும் விட்டார். மேடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

பிறகு என்னிடம், "முந்திரிப்பருப்பு நல்லா இருந்திச்சு டீச்சர். உங்களுக்கு ரெண்டு எடுத்து வச்சிருக்கேன்" என்று கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒருவரை ஒரு இடத்திலிருந்து எழுப்ப வேண்டியிருந்தால், போவதற்கு இன்னொரு இடத்தைக் காட்டி எழுப்புங்கள். அவ்வளவுதான் நான் அன்றைக்குச் செய்தது.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம், பங்குனி வெயிலில் ஒரு காலை, அவருடைய மனைவியிடமிருந்து போன் வந்தது. கோமதி மதினி என்று கூப்பிடுவேன். அண்ணாச்சி துணியை வெட்டுவார், மதினி மிஷினில் தைப்பார், பிள்ளைகள் கிடையாது. சர்க்கரை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தவரை, வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மறுநாள் விடியும்போது போய்விட்டார். "டீச்சர், அவுக..." என்று மட்டும்தான் மதினி சொன்னார்.

நான் போனபோது வாசலில் அண்ணாச்சியின் அண்ணன், களக்காட்டுப் பெரியவர், முழங்காலைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு ஆள் தையல் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற வழி இல்ல டீச்சர்" என்றார் பெரியவர். "ஆஸ்பத்திரியோட எல்லாம் தீந்து போச்சு. என் வாழை பூரா காத்துல சாஞ்சு கெடக்கு. மிஷினைக் குடுத்துத்தான் தம்பிய எடுத்துப் போடணும்."

அந்த மிஷின் போனால் அடுத்த மாதம் மதினி எதை வைத்துச் சாப்பிடுவார்? உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "மதினி, செலவை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன்.

அழுதுகொண்டிருந்தவர் அழுகையை நிறுத்திவிட்டார். "வேண்டாம் டீச்சர். அவுக யாருகிட்டயும் கை நீட்டுனதில்ல. அவுக பேரைச் சொல்லி நான் நீட்ட மாட்டேன்."

வற்புறுத்தினால் இன்னும் இறுகிப்போவார் என்று தெரிந்தது. எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "இது தானம் இல்ல மதினி. பேண்டுல இருக்க ஒரு ஆளு செத்தா, பேண்டுதான் எடுத்துப் போடணும். அது எங்க சட்டம்."

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு முன்ன யாரு செத்தா?"

"யாரும் சாகல. இவுகதான் முதல்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே, இப்படி ஒரு சட்டம் இருக்குன்னு" என்றார். ஆனால் வாசல் பக்கம் திரும்பி, "அத்தான், மிஷினை உள்ள கொண்டாந்து போடுங்க" என்று குரல் கொடுத்தார்.

நான் சாமர்த்தியமாக நடந்துகொண்ட பகுதி அதோடு முடிந்தது. அடுத்துச் செய்தது முட்டாள்தனம். பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுக்கள் நாலைந்து என் போனில் இருந்தன. எல்லாவற்றிலும் 'பேண்டு அண்ணாச்சி காலமானார், ஆகிற உதவியைச் செய்யுங்கள்' என்று போட்டேன். யார் எதைச் செய்ய வேண்டும் என்று போடவில்லை.

முதலில் ஒரு ஃப்ரீசர் பெட்டி வந்தது. அதற்குள் அண்ணாச்சியை வைத்து வயரைச் செருகுவதற்குள் இரண்டாவது பெட்டி வந்தது. ஒரு குழு அனுப்பியது இன்னொரு குழுவுக்குத் தெரியாது. மூன்றாவது வந்தபோது தெருவில் ஆட்டோ போக வழியில்லை. மதினி எட்டிப் பார்த்துவிட்டு, அந்தத் துக்கத்திலும், "மூணு பொட்டியா? அவுக ஒரு ஆளுதான டீச்சர்" என்றார். தெருமுனையில் அஞ்சலி பேனர்கள் எழுந்தன. எல்லாவற்றிலும் அரக்குக் கோட்டுப் படம். ஒன்றில் பெயர் மாணிக்கம், அடுத்ததில் மாரியப்பன், மூன்றாவதில் 'கேப்டன்' என்று மட்டும். மூன்றும் தப்பு. அவர் பெயர் சங்கரலிங்கம். யாருக்கும் தெரியாது, உண்மையைச் சொன்னால் எனக்கே அன்றைக்குப் பெரியவரிடம் கேட்டுத்தான் தெரிந்தது. மாலைகள் மலையாகக் குவிந்தன. ஆனால் துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு வாய் காபி இல்லை. அதை ஒருவருக்கும் அனுப்பத் தோன்றவில்லை.

அப்போதுதான் ரஹ்மத் வந்து இறங்கினாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஒல்லி என்று இனி யாரும் சொல்ல முடியாது. அண்ணாச்சியைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றாள், முகத்தைத் துடைத்தாள், தெருவை ஒரு பார்வை பார்த்தாள். "டீச்சர், அந்தப் போனை இங்கன தாங்க" என்றாள்.

கொடுத்தேன். 'இனி நான் கேட்காமல் யாரும் எதுவும் அனுப்பக் கூடாது. பணமாக மட்டும் அனுப்புங்கள்' என்று எல்லாக் குழுவிலும் போட்டாள். இரண்டு பெட்டிகளைத் திருப்பி அனுப்பினாள். அவள் வீட்டுக்காரர் ஆட்டோவில் ஒரு பெரிய கேன் காபியும் பன்னும் வந்தன. பிள்ளைகளே, கஷ்டம் வந்தால் உதவி வெள்ளமாக வரும். அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டுவது நல்ல மனசை விட முக்கியம். போனை யாரிடமாவது கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்ளத் தெரிய வேண்டும்.

ரஹ்மத்தாலும் முடியாதது ஒன்று இருந்தது. சொர்க்க ரதம் என்று பூ அலங்காரத்தோடு வருமே, அந்த வண்டி இரண்டு வந்து நின்றது. இரண்டாவது வண்டியின் டிரைவர் திரும்பிப் போக மறுத்துவிட்டார். "வாடகை வாங்கியாச்சு, பூவும் கட்டியாச்சுக்கா. வெறும் வண்டியாத் திருப்பிக் கொண்டு போனா எனக்கு ஆகாது. யாரையாவது ஏத்தணும்" என்றார்.

கூட்டம் மொத்தமும் ஓரடி பின்னால் நகர்ந்தது.

கடைசியில் களக்காட்டுப் பெரியவர்தான் அகப்பட்டார். முழங்கால் வலியோடு அவரால் ஆற்றங்கரை வரைக்கும் நடக்க முடியாது. "என்னைய எதுக்குடே அதுல ஏத்துதிய?" என்று முரண்டு பிடித்தவரை நாலு பேர் தூக்கி உள்ளே உட்கார வைத்தார்கள். நாலு பக்கமும் கண்ணாடி, சுற்றிலும் சாமந்தி, நடுவில் பெரியவர்.

பணக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். எல்லாச் செலவும் போக மிச்சம் இருந்தது. காரியம் முடிந்து மதினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார். "சட்டம்னுதான டீச்சர் சொன்னிய? அப்போ இதை அடுத்தாப்புல சாவுத ஆளுக்கு எடுத்து வையுங்க" என்றார். அதைச் சொல்லும்போது என்னை ஏன் மேலும் கீழும் பார்த்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பேண்டிலேயே மூத்தவள் நான்தான்.

இனி ஊர்வலத்துக்கு வருகிறேன். பள்ளியில் பரீட்சை நேரம், பிள்ளைகளை அனுப்ப முடியாது, வாத்தியங்களை வேண்டுமானால் எடுத்துப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வாசித்தது பழைய மாணவிகள். நர்ஸ் ஒருத்தி, பேங்க் வேலை ஒருத்தி, பலசரக்குக் கடை வைத்திருப்பவள் ஒருத்தி என்று பலரும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஞாபகம் இருந்தது ஒரே ஒரு மெட்டு, விளையாட்டு விழா மார்ச் பாஸ்ட். வேகமான மெட்டு. "பைய வாசிங்கட்டி, இது சாவு" என்றேன். பைய வாசித்தால் அடுத்து என்ன வரும் என்று யாருக்கும் நினைவு வரவில்லை. வேகமாக வாசித்தால் கை தானாகப் போனது.

கிளம்புமுன் பெரியவர் வண்டிக் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், கொட்டு அடிக்கட்டும், சந்தோசம். ஆனா பொம்பளைப் பிள்ளையள் சுடுகாட்டுக்கு வரப்பிடாது. எங்க பக்கம் வழக்கம் இல்ல. தெருமுக்கோட நிப்பாட்டிரணும். கோமதியும் அதோட திரும்பிரணும்."

"சரி ஐயா. முக்கு வந்ததும் விசில் ஊதி நிப்பாட்டிருதேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். சாவு வீட்டில் வழக்கத்தை எதிர்த்துச் சண்டை போட நான் வரவில்லை.

பேண்டு கிளம்பியது. ரஹ்மத்தின் பெரிய டிரம் முதல் அடி விழுந்ததும் தெருவே நிமிர்ந்தது. ஊர்ந்து போனால் போதும் என்று நினைத்திருந்த முதல் ரதத்தின் டிரைவர், பேண்டு தூரமாகப் போய்விடவும் அவசரமாகக் கியரை மாற்றினார். சொந்தக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். ரோட்டோரத்தில் நின்றவர்கள் முதல் வண்டிக்குக் கும்பிட்டார்கள். இரண்டாவது வண்டிக்கும் கும்பிடக் கையெடுத்தவர்கள், உள்ளே இருப்பவர் உட்கார்ந்தபடி துண்டால் வியர்வை துடைப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள். ஒரு அம்மா பயந்து கத்தியே விட்டாள்.

தெருமுக்கு வந்தது. விசிலை எடுத்து வாயில் வைத்தேன். ஊதுவதற்கு முன், வரிசை சரியாக இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தேன்.

மதினி முதல் வண்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார். அழவில்லை. கண் பேண்டின் மேல் இருந்தது. கால் தாளத்தோடு விழுந்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் சனிக்கிழமைதோறும் இந்தப் பிள்ளைகளுக்காகப் புருஷனை விட்டுக்கொடுத்தவர் அவர். ஒரு ஊர்வலத்துக்குக்கூட வந்ததில்லை. கடையை யார் பார்ப்பது?

யோசிக்க நேரமில்லை. நான் பேண்டுக்குக் கற்றுக்கொடுத்த முதல் ஒழுங்கு, விசில் ஊதாமல் யாரும் நிற்கக் கூடாது என்பது. நான் ஊதினால் அத்தனை பேரும் நிற்பார்கள், மதினியும் நிற்பார், வண்டி மட்டும் போகும். ஊதாவிட்டால் ஒரு பெரிய மனிதருக்குக் கொடுத்த வாக்கு போகும். இரண்டில் ஒன்றை ஓடுகிற காலோடு முடிவு செய்ய வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் எது சரி என்று உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் எதுவும் இல்லை. விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது. மூச்சை மூக்கு வழியாக விட்டேன்.

பேண்டு முக்கைத் தாண்டியது. பின்னால் இரண்டாவது ரதத்தில் பெரியவர் கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தினார். பேண்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி மேல எவ்வளவு பாசம் பாரு, எப்படிக் கதறுதாரு" என்று பார்த்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ஆற்றங்கரைச் சுடுகாட்டில் இன்னும் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். "என்ன டீச்சர், இதுக்குள்ள வந்துட்டிய?" என்று வேலையாள் திட்டினார். எல்லோருக்கும் மூச்சு வாங்கியது. பெரியவர் வண்டியிலிருந்து இறங்கி, தலையில் ஒட்டிய சாமந்தி இதழோடு என் முன்னால் வந்து நின்றார்.

"முக்கோட நிப்பாட்டுதேன்னு சொன்னியள்லா? ஏன் விசில் ஊதல?"

நான் விசிலை வாயிலிருந்து எடுப்பதற்குள் பின்னாலிருந்து மதினியின் குரல் வந்தது. "ஊதியிருந்தாலும் நான் நின்னிருக்க மாட்டேன் அத்தான்."

பெரியவர் அவரையும் பார்த்தார், பேண்டையும் பார்த்தார், கண்ணாடிக்குள் கிடந்த தம்பியையும் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, பிள்ளையளைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. புகை அடிக்கும்" என்றார்.

அப்போது விசிலை ஊதினேன். பேண்டு மொத்தமும் ஒரே காலில் திரும்பி, பத்தடி தள்ளிப் போய், வரிசை கலையாமல் நின்றது. மதினி மட்டும் முன்னால் நடந்தார்.